ஆர்கான் பட்டறைக்கு எந்த டங்ஸ்டன் ராடு: சிவப்பா, சாம்பலா, நீலமா?

2024 கடைசியில் மதுரையில் எங்கே போனாலும் டங்ஸ்டன் பேச்சுதான். அப்போது எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் ஒருநாள் வெல்டிங் டார்ச்சின் பின்மூடியைக் கழற்றி, ராடை உருவிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணே, அரிட்டாபட்டியில தோண்டப் போறாங்கன்னு சொல்றாங்களே, அந்த டங்ஸ்டன் இதுதானா?"

இதுதான் என்றேன். ஊதுபத்தி அளவுக்கு ஒரு கம்பி. இதற்கா இவ்வளவு கூட்டம் என்பதுபோல என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்தக் கதை மதுரைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் என்று சுமார் 20 சதுர கிலோமீட்டரை மத்திய அரசு ஏலம் விட்டது. அதற்குள் அரிட்டாபட்டியும் மாட்டிக்கொண்டது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது.

மலை பிழைத்த அடுத்த மாதமே எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு வேறு பக்கமிருந்து அடி விழுந்தது. உலகத்தில் வெட்டி எடுக்கிற டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்துதான் வருகிறது. 2025 பிப்ரவரியில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. விலை ஏற ஆரம்பித்தது. அதுவரை கடையில் எடுத்து நீட்டியதை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். சிவப்பு முனை ராடு பத்து அடங்கிய டப்பா, கேள்வியே கிடையாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் சிவப்புதான் வைத்திருந்தார். விலை ஏறிய பிறகுதான், நாம் வாங்குவது நம் வேலைக்குச் சரியானதுதானா என்று பார்க்கத் தோன்றியது. அப்படிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன். புதிதாக ஆர்கான் வெல்டிங் மிஷின் போடுகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் சொல்லும் முடிவு உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. முக்கால்வாசி எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை. ஓட்டலுக்குக் கவுண்டர், ஜிகர்தண்டா வண்டி, இட்லிக் கொப்பரை, டீ பாய்லர், பாத்திரம் கழுவும் தொட்டி. மீதி அலுமினியம்: உடைந்த பைக் எஞ்சின் கவர், ஓட்டை விழுந்த பெரிய குண்டான், சில சமயம் ஏர்கண்டிஷனர் பைப். ஏ.சி., டி.சி. என்ற இரண்டு வகைக் கரண்டிலும் ஓடும் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் ஒன்றே ஒன்று. டார்ச்சில் நிற்பது இரண்டு பேர், நானும் இந்தப் பையனும்.

ஏன் டங்ஸ்டன் என்பதிலிருந்து தொடங்கலாம். ஆர்கான் வெல்டிங்கில் ராடு உருகக் கூடாது. கரண்டை ஆர்க்காக, அதாவது விடாத மின்பொறியாக, தகட்டின் மேல் இறக்குவது மட்டும்தான் அதன் வேலை. உருகிச் சேர்வது தகடும் கையில் பிடிக்கும் பில்லர் கம்பியும். எஸ்.எஸ். தகடு சுமார் 1400 டிகிரியிலேயே இளகிவிடும். இரும்பு 1538இல் உருகும். டங்ஸ்டன் உருக 3422 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலோகங்களில் இதற்கு மேல் கிடையாது. அதனால்தான் குண்டு பல்புக்குள் இழையாக அதையே வைத்தார்கள். வெள்ளையாகப் பழுத்து ஒளிரும், ஆனாலும் ஆவியாகிப் போக வெகுநாள் ஆகும்.

ஆனால் ஆர்க் என்பது 3422ஐயும் தாண்டிய சூடு. அப்படியும் முனை நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் மிஷினில் கேபிள் சொருகும் விதம். எஸ்.எஸ். வேலைக்கு டி.சி.யில் டார்ச் மைனஸில், தகட்டில் மாட்டும் எர்த் பிளஸில். எலக்ட்ரான்கள் ராடின் முனையிலிருந்து கிளம்பித் தகட்டில் போய் விழுகின்றன. கிளம்பும்போது முனையின் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டே போகின்றன. மொத்தச் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு தகட்டில் விழும், ராடில் தங்குவது மீதி. ஒருமுறை கரண்ட் போய் வந்த அவசரத்தில் பையன் கேபிளை மாற்றிச் சொருகிவிட்டான். டார்ச்சை வைத்த சில விநாடியில் ராடு முனை வெல்லப்பாகு மாதிரி திரண்டு, உருண்டையாகி, தகட்டில் சொட்டிவிட்டது. உலகத்திலேயே உருக அதிகச் சூடு கேட்கும் உலோகம் சொட்டுவதை அன்றுதான் பார்த்தேன்.

இந்த எலக்ட்ரான் கிளம்பும் விஷயத்தில்தான் ராடு முனையில் பூசி வரும் நிறங்களின் அர்த்தமெல்லாம் அடங்கியிருக்கிறது. சுத்த டங்ஸ்டனிலிருந்து ஒரு எலக்ட்ரானை வெளியே இழுக்கச் சுமார் 4.5 எலக்ட்ரான் வோல்ட் கொடுக்க வேண்டும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு தோரியம் ஆக்சைடைக் கலந்தால் சுமார் 2.6 போதும். கிளம்புவது சுலபமானால் ஆர்க் தட்டின உடனே பிடிக்கும், முனை குறைந்த சூட்டில் நிற்கும், கூர் அதிக நேரம் தாங்கும். சிவப்பில் தோரியம், சாம்பலில் சீரியம், நீலத்தில் லாந்தனம். எல்லாமே இந்த ஒரு வேலைக்காகச் சேர்க்கப்படுபவைதான். மூன்றுமே நம்ம குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் சேர்ந்தே கிடக்கின்றன என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டங்ஸ்டன் என்றாலே சுவீடன் மொழியில் கனமான கல் என்று அர்த்தம். கையில் எடுத்தால் தெரியும். 2.4 மி.மீ. தடிமனில் 150 மி.மீ. நீளமுள்ள ஒரு ராடு 13 கிராம் இருக்கும், ஒன்றரைப் பவுனுக்கு மேல். அதே அளவு இரும்புக் கம்பி ஐந்தரைக் கிராம்கூட வராது. அடர்த்தி 19.25, தங்கத்துக்கு 19.3. இந்த ஒற்றுமைதான் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைக்காரர்களுக்குத் தலைவலி. உள்ளே டங்ஸ்டனை வைத்து மேலே தங்கம் பூசினால் தண்ணீரில் அமுக்கி எடை பார்க்கும் சோதனையில் பிடிபடாது. நமக்கு அந்த வம்பு வேண்டாம். நமக்கு இந்த ஒற்றுமையால் வரும் லாபம் ஒன்றே ஒன்று: டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தாலே சரக்கு உண்மையா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சரி, நிறத்துக்கு வருவோம்.

சிவப்பு

முதலில் அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். எஸ்.எஸ்.சுக்கும் இரும்புக்கும் இவ்வளவு நாள் நின்று உழைத்த ராடு வேறு இல்லை. ஆர்க் உடனே பிடிக்கும், அலையாது, கூர் மழுங்காது. பழைய ஆட்கள் இதை விட மாட்டேன் என்பதில் நியாயம் இருக்கிறது.

இடைஞ்சல் தோரியம்தான். அது கதிரியக்கப் பொருள். நம் வீட்டுக் கல்யாணங்களில் பெட்ரோமாக்ஸ் லைட் கட்டிய காலத்தில் அந்த மேன்டிலில் இருந்ததும் இதே தோரியம் ஆக்சைடுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அது, மீதி ஒரு பங்கு சீரியம். அதைக் கட்டினவர்கள் எல்லாம் செத்தா போனார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ராடை மேசையில் வைத்தாலோ, டார்ச்சில் போட்டு வேலை பார்த்தாலோ பயப்படும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. தோரியத்திலிருந்து வரும் ஆல்பா துகள்கள் தோலைத் தாண்டி உள்ளே போகாது. ஒரு காகிதமே தடுத்துவிடும்.

வம்பு சாணைக்கல்லில் இருக்கிறது. கூர் தீட்டும்போது பறக்கும் பொடி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கே தடுக்கத் தோலும் இல்லை, காகிதமும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே கதிரை வீசிக்கொண்டிருக்கும். தோரியத்தின் அரை ஆயுள் 1400 கோடி வருடம். நம் ஆயுளுக்குள் அது குறையுமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் சாணைக்கல் இருந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாசல் பக்கம், டீ டம்ளர் வைக்கும் பலகைக்கு ஒரு முழம் தள்ளி. இத்தனை வருடம் அந்தப் பொடிக்குப் பக்கத்தில்தான் டீ குடித்திருக்கிறேன். பெரிய கம்பெனிகளில் பொடியை உறிஞ்சும் மோட்டார் வைத்த தனி கிரைண்டர் வைத்திருப்பார்கள். நம் பட்டறைகளில் யார் வைக்கிறோம்? கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் பெரிய பாதுகாப்பு என்று நினைப்போம். சிவப்பை விட்டதற்கு எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும். இரண்டாவது காரணமும் உண்டு. அலுமினியத்துக்கு ஏ.சி.யில் போட்டால் சிவப்பு ராடின் முனை ஒரே உருண்டையாகத் திரளாமல் பொரிப்பொரியாக வெடித்து நிற்கும், ஆர்க் நாலு பக்கமும் சிதறும். ஆகவே சிவப்பு வாங்கும் பட்டறைக்கு அலுமினிய வேலைக்கென்று இன்னொரு ராடும் வேண்டும்.

பச்சையும் வெள்ளையும்

பச்சை என்பது எதுவும் கலக்காத டங்ஸ்டன். வெள்ளையில் கொஞ்சம் சிர்கோனியம் ஆக்சைடு. இரண்டும் அலுமினியத்துக்கு, அதுவும் ஏ.சி.க்கு மட்டும். பழைய டிரான்ஸ்பார்மர் மிஷின் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலுமினியப் பாத்திரம் ஒட்டுபவர் என்றால் இவற்றைப் பாருங்கள். அதிலும் வெள்ளை மேல், சொட்டாமல் அதிகக் கரண்ட் தாங்கும். இன்வெர்ட்டர் மிஷின் என்றால் பச்சை தேவையே இல்லை. முனை பெரிய உருண்டையாகி, மெல்லிய இடத்தில் ஆர்க்கை ஓர் இடத்தில் நிறுத்துவதே பாடாகிவிடும்.

சாம்பல்

சீரியம் கலந்தது. கதிரியக்கம் கிடையாது. குறைந்த ஆம்ப்ஸில் ஆர்க் பிடிப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. ஜிகர்தண்டா வண்டிக்கு 18 கேஜ் தகட்டில், அதாவது 1.2 மி.மீ. கனத்தில், மூலை ஒட்டும்போது 1.6 மி.மீ. சாம்பல் ராடைப் போட்டு 45 ஆம்ப்ஸ் வைத்தேன். பெடலைத் தொட்டதும் நூல் பிடித்ததுபோல ஆர்க் நின்றது. மூலையில் புள்ளி புள்ளியாக டேக் வைக்க வேண்டுமென்றால் ஒரு வண்டிக்கு ஐம்பது, அறுபது தடவை ஆர்க் தட்டுவோம். ஒவ்வொரு தடவையும் திக்காமல் பிடிப்பது எவ்வளவு நிம்மதி என்பது டார்ச் பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

அதே சாம்பலை 2.4 தடிமனில் டீ பாய்லரின் அடித்தட்டுக்குப் போட்டேன். 3 மி.மீ. தகடு, 120 ஆம்ப்ஸ், விடாமல் சுற்றி வர வேண்டிய வெல்டிங் தையல். மதியம் வரை நன்றாகத்தான் போனது. சாயங்காலம் முனை மழுங்கி, ஆர்க் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தது. அதிகக் கரண்டில் நேரம் ஆக ஆக முனையில் உள்ள சீரியம் ஆக்சைடு தீர்ந்துபோவதால் வருவது இது. மறுபடி சாணை பிடித்தால் சரியாகிவிடும். ஆனால் சாணைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ராடு குறைகிறது.

கிரில், கைப்பிடி, மெல்லிய தகடு என்று அதிலேயே ஓடுகிற பட்டறைக்குச் சாம்பல் போதும். வேறு எதையும் தேட வேண்டாம்.

நீலம், அதன் பங்காளி பொன்னிறம்

லாந்தனம் மூன்று அளவில் கலந்து வருகிறது. நூற்றுக்கு ஒன்று என்றால் கறுப்பு முனை, ஒன்றரை என்றால் பொன்னிறம், இரண்டு என்றால் நீலம். சிவப்பை அப்படியே மாற்றிப் போட வேண்டும், மிஷின் செட்டிங்கைக்கூடத் தொடக் கூடாது என்றால் பொன்னிறம்தான் அதற்கு மிக நெருக்கம். ஆனால் நான் வாங்கும் கடையில் கேட்ட நேரத்துக்குக் கிடைப்பது நீலம். நடைமுறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஜிகர்தண்டா வண்டி மூலையில் நீலம் ஆர்க் பிடிப்பது சாம்பலை விட மயிரிழை பின்தங்கியதுதான். பையனிடம் எது என்று சொல்லாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நான்கு தடவையில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னான். டீ பாய்லர் அடித்தட்டில் சாயங்காலம் வரை கூர் நின்றது. சிவப்பைப் போலவேதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம் அலுமினியம். ஒரு பைக் எஞ்சின் கவர், கீழே விழுந்து காது உடைந்தது. அதே நீல ராடைக் கூரைக் கொஞ்சம் மழுக்கிவிட்டு ஏ.சி.யில் போட்டேன். முனை சின்ன மிளகு அளவுக்குத் திரண்டு அப்படியே நின்றது, பொரியவில்லை. ஆர்க் விரிசலை விட்டு நகரவில்லை.

ஒரே மிஷின், இரண்டு விதமான வேலை என்று இருக்கிற எங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? டப்பா விலை சிவப்பை விடக் கொஞ்சம் கூட. ஆனால் சிவப்பும் பச்சையும் என்று இரண்டு டப்பா வாங்கி வைத்ததைக் கணக்கில் எடுத்தால் அது கூடவே இல்லை.

ஊதா முனையில் பல ஆக்சைடுகள் கலந்த ராடு ஒன்றும் வருகிறது. வெளி வீதிக் கடைகளில் கேட்ட நாளில் கிடைக்காததால் அதைப் போட்டியில் சேர்க்கவில்லை. நினைத்த நேரம் கிடைக்காத சரக்கை நம்பிக் கல்யாண மண்டபத்துக் கவுண்டருக்குத் தேதி கொடுக்க முடியாது.

நிறத்தை நம்புவதிலும் ஒரு குழி இருக்கிறது. ஆரஞ்சு முனை என்றால் ஒரு கணக்குப்படி நூற்றுக்கு நான்கு தோரியம். அமெரிக்காவின் பழைய கணக்குப்படி அதே ஆரஞ்சு என்றால் சீரியம். ஒன்று கதிரியக்கம் உள்ளது, மற்றது இல்லாதது. ஆகவே டப்பாவில் எழுத்தைப் படியுங்கள். டபிள்யூ.டி.20 என்றால் தோரியம், டபிள்யூ.சி.20 என்றால் சீரியம், டபிள்யூ.எல்.15, டபிள்யூ.எல்.20 என்றால் லாந்தனம், டபிள்யூ.பி. என்றால் சுத்தம். 20 என்பது நூற்றுக்கு 2.0 பங்கு. எழுத்தே இல்லாமல் முனையில் பெயின்ட் மட்டும் தொட்டு வருகிற டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

அதைவிடப் பெரிய குழி நம் பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. ராடின் இரண்டு முனையையும் கூர் தீட்டி வைத்தால் ஒன்று கெட்டதும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் செய்வோம். நிறம் பூசிய முனையைச் சாணையில் வைத்தால் நிறம் போச்சு. அப்புறம் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே மாதிரிக் கம்பிதான், கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அப்படிப் பன்னிரண்டு அனாதை ராடுகள் கிடந்தன. போன வருடம் ஒரு குண்டானை ஒட்டும்போது ஆர்க் பொரிந்துகொண்டே இருந்தது. கேஸை மாற்றினேன், டார்ச் வாயில் இருக்கும் கப்பை மாற்றினேன், மிஷினைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் பாட்டிலில் இருந்து பையன் எடுத்துக் கொடுத்தது பழைய சிவப்பு. அதற்குப் பிறகு அவன் அவனுடைய அக்காவின் நகப்பாலிஷைக் கொண்டுவந்து ஒவ்வொரு ராடின் நடுவிலும் ஒரு வளையம் போட்டான். ரோஸ் கலர் வளையம்தான் எங்களுக்கு நீலம். வெளியாள் வந்தால் குழம்புவான், எங்களுக்குக் குழப்பம் இல்லை. டார்ச்சுக்குள் ராடைக் கவ்வும் காலெட் பிடிக்கும் இடத்தில் மட்டும் அந்தப் பாலிஷ் படக் கூடாது, கரண்ட் ஓடுவது அங்கேதான்.

இப்போது காசுக் கணக்கு. எந்த நிறம் வாங்கினாலும் ராடைத் தின்பது ஆர்க் இல்லை, சாணைக்கல். 150 மி.மீ. ராடில் கடைசி 40 மி.மீ.யைச் சரியாகப் பிடிக்க முடியாது என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 110. உருகிய குழியில் முனை ஒரு தடவை தொட்டுவிட்டால் எஸ்.எஸ். அதில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்கக் குறைந்தது 3 மி.மீ. போகும். ஆக ஒரு ராடுக்கு முப்பத்தாறு சாணை. புதுப் பையன் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை தொட்டான், மூன்று நாளில் ஒரு ராடு. நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை தொடுவேன், பன்னிரண்டு நாள் வரும். சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் இந்த வித்தியாசத்தின் பக்கத்தில் நிற்கவே நிற்காது. பையனுக்கு வீணான துண்டுத் தகட்டைக் கொடுத்து, பில்லர் இல்லாமல் இரண்டு நாள் கோடு மட்டும் இழுக்கவிட்டேன். பன்னிரண்டு ஐந்தானது.

தொட்டதோடு போகாமல் முனையில் துணுக்கு ஒடிந்து தையலுக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. ஓட்டல் கவுண்டரில் அது யாருக்கும் தெரியாது. பைப் வேலைக்கு எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் தப்பிக்க முடியாது. டங்ஸ்டன் இரும்பை விட இரண்டரை மடங்கு கனமானதால் எக்ஸ்ரேயை மறித்துக்கொண்டு படத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது கேஸ். வெள்ளையாகப் பழுத்திருக்கும் டங்ஸ்டனுக்குக் காற்று ஆகாது. ஆர்கான் போர்வைக்குள் 3000 டிகிரியில் நிற்கிற கம்பி, வெளிக்காற்றில் சில நூறு டிகிரியிலேயே ஆக்சைடாகும். ஆர்க் அணைந்ததும் டார்ச்சை உடனே தூக்கினால் முனை நீலம் பாரித்து ஊதாவாகும். கேஸ் தீர்ந்ததே தெரியாமல் ஓட்டினால் மஞ்சள் பொடி படிந்து முனை கரைந்தே போகும். வேலை முடிந்து முனை வெள்ளி மாதிரி மின்னினால் எல்லாம் சரி என்று அர்த்தம். பத்து ஆம்ப்ஸுக்கு ஒரு விநாடி என்ற கணக்கில் பின்கேஸ், அதாவது ஆர்க் அணைந்த பிறகும் கேஸ், விடுவது நல்ல பழக்கம்: 50 ஆம்ப்ஸ் என்றால் ஐந்து விநாடி டார்ச்சை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். ஆர்கானை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்கேஸை ஒரு விநாடிக்குக் குறைத்து வைத்திருக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். கேஸில் மிச்சம் பிடித்ததை ராடில் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

சாணை பிடிப்பதில் இரண்டு விஷயம். கோடுகள் ராடின் நீளவாக்கில் விழ வேண்டும், அதாவது கல் சுற்றும் திசையில் ராடை நேராகப் பிடித்து உருட்ட வேண்டும். பென்சில் சீவுவதுபோல வட்டமாகக் கோடு விழுந்தால் ஆர்க் அந்தக் கோட்டில் மாட்டி அலையும். கூரின் நீளம் ராடின் தடிமனைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு. ஊசிமுனையை மட்டும் லேசாகத் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையென்றால் அது ஒடிந்து தையலுக்குள் விழும். இரும்பு தீட்டிய கல்லில் ராடைத் தீட்டாதீர்கள். நீலத்துக்கு மாறிய பிறகும் சாணைக்கல்லை டீப் பலகையிலிருந்து கொல்லைப்பக்கம் மாற்றிவிட்டேன். தோரியம் இல்லையென்றாலும் உலோகப் பொடியை மூச்சில் இழுக்க ஒரு நியாயமும் இல்லை.

டங்ஸ்டன் கெட்டியானது, ஆனால் சாதாரணச் சூட்டில் பல்பம் மாதிரி ஒடியக்கூடியது. தரையில் விழுந்தாலே இரண்டாகலாம். நீளத்தைக் குறைக்கக் கொறட்டில் வைத்து ஒடிப்பவர்கள் உண்டு. அப்படி ஒடித்தால் கண்ணுக்குத் தெரியாத பிளவு நீளவாக்கில் உள்ளே ஓடும், பிறகு டார்ச்சில் சூடேறும்போது முனை இரண்டாகப் பிரியும். கல்லில் சுற்றிக் கோடு போட்டு அந்தக் கோட்டில் உடைப்பதுதான் சரி.

இதெல்லாம் பார்த்த பிறகு நான் வாங்குவது: 1.6 மி.மீ. நீலம் ஒரு டப்பா, 2.4 மி.மீ. நீலம் ஒரு டப்பா. 1.6 சுமார் 150 ஆம்ப்ஸ் வரை தாங்கும் என்பதால் எங்கள் தகட்டு வேலையெல்லாம் அதிலேயே முடிந்துவிடும். 2.4 டீ பாய்லருக்கும் அலுமினியத்துக்கும். நீங்கள் மெல்லிய எஸ்.எஸ். மட்டும் பார்ப்பவரானால் என் பேச்சைக் கேட்காமல் சாம்பலை எடுங்கள். கம்பெனி ஆர்டரில் டபிள்யூ.டி.20 என்று எழுதியே கொடுத்தால் சிவப்பைத்தான் போட்டாக வேண்டும். அப்போது பொடி உறிஞ்சும் கிரைண்டருக்கும் சேர்த்து ரேட் கேளுங்கள்.

சிம்மக்கல் பக்கம் நான் ராடு வாங்கும் கடையில் பாய் பல வருடப் பழக்கம். நீலம் கேட்ட முதல் நாள், "என்ன தம்பி, கட்சி மாறிட்டீங்களா?" என்றார். தோரியம், பெட்ரோமாக்ஸ், சாணைப்பொடி என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பன்னண்டு ராடை என்ன செஞ்சீங்க?" என்றார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மூடி, மேலே காகிதம் ஒட்டி, பரணில் ஏற்றிவிட்டேன். விலை இப்படியே ஏறினால் பையன் ஒருநாள் அதை இறக்கிவிடுவானோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதனால் ஏணியை வேறு இடத்தில் வைத்திருக்கிறேன்.